வெளியே ஐம்பது, உள்ளே நூற்றிருபத்தைந்து

இத்தாலியில் 1959-ல் வந்த சாலைச் சட்டம் இருசக்கர வண்டிகளை ஒரு கோடு போட்டுப் பிரித்தது. இன்ஜின் 50 சி.சி.க்குள் இருக்க வேண்டும். திறன் ஒன்றரைக் குதிரைத்திறனைத் தாண்டக் கூடாது. சமதளச் சாலையில் மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. இதற்கெல்லாம் கட்டுப்பட்ட வண்டிக்கு நம்பர் பிளேட் வேண்டாம், ஓட்டுபவருக்கு லைசென்ஸ் வேண்டாம், பதினான்கு வயது நிரம்பியிருந்தால் போதும். கோட்டைத் தாண்டிய வண்டிக்கு இந்தச் சலுகை எதுவும் கிடையாது. பழைய சின்ன வெஸ்பா ஸ்கூட்டருக்குள் பெரிய இன்ஜினை மாட்டும் பழக்கம் எங்கே தொடங்கியது என்று தேடிப் போனால், கடைசியில் இந்தச் சட்டத்தின் வாசலில்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

பொன்தெதேரா ஊரில் வெஸ்பா செய்துவந்த பியாஜியோ நிறுவனத்துக்கு இந்தக் கோடு சங்கடமானது. 1946 ஏப்ரலில் காப்புரிமைக்கு விண்ணப்பித்த முதல் வெஸ்பாவே 98 சி.சி. வண்டி. பிறகு வந்தவை 125, 150 என்று வளர்ந்துகொண்டே போயின. பதினான்கு வயதுப் பையனுக்கு விற்க அவர்களிடம் வண்டியே இல்லை. 1963-ல் அந்தக் குறை தீர்ந்தது. வெஸ்பாவைப் பெற்றெடுத்த கொர்ராதினோ தஸ்கானியோ கடைசியாக வடிவமைத்த ஸ்கூட்டர், வெஸ்பா 50. அடிப்படையில் அவர் ஹெலிகாப்டர் பொறியாளர். மோட்டார் சைக்கிள் என்றாலே அவருக்கு ஆகாது. வெஸ்பா 50-இன் இன்ஜினில் பிஸ்டன் ஓடும் துளை 38.4 மில்லிமீட்டர், பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும் தூரம் 43 மில்லிமீட்டர். கணக்குப் போட்டுப் பார்த்தால் 49.8 சி.சி. வருகிறது. திறன் 1.45 குதிரைத்திறன். சட்டத்தை மேஜையில் விரித்து வைத்துக்கொண்டுதான் இந்த இன்ஜினை வரைந்திருக்க வேண்டும்.

ஆனால் அந்த உடலை ஐம்பதுக்கு மட்டும் வைத்துக்கொள்ள நிறுவனத்துக்கு மனம் வரவில்லை. அதே 1963-லேயே அதே குடும்பத்தில் 90 சி.சி. வெஸ்பா வந்தது. 1965-ல் 125 வந்தது. பத்தாண்டு முடிவதற்குள் அந்த 125, பிரிமாவேரா என்ற பெயரில் இளைஞர்களின் கனவாகிவிட்டது. பெரிய வெஸ்பாக்களில் பக்கத்து மூடிகளைக் கழற்றி எடுக்கலாம். இந்தக் குடும்பத்தில் உடல் முழுக்க ஒரே தகடு, இன்ஜின் பக்கம் ஒரு சிறு கதவு மட்டும் உண்டு. வெஸ்பா பிரியர்கள் இவற்றை ஸ்மால்ஃப்ரேம் என்பார்கள். பதினான்கு வயதுக்காரன் ஓட்டும் ஐம்பதும் அவன் அண்ணன் ஓட்டும் நூற்றிருபத்தைந்தும் தெருமுனையில் இருந்து பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். இதைவிடப் பெரிய ஆசை காட்டல் வேறு என்ன இருக்க முடியும்?

ஆசைக்கு வழியும் எளிதாக இருந்தது. வெஸ்பாவில் இன்ஜினைத் தாங்க தனிச் சட்டகம் கிடையாது. இன்ஜினின் அலுமினியக் கூடே பின்சக்கரத்தைத் தாங்கும் கையாகவும் வேலை செய்கிறது. முன்பக்கம் உடலைக் குறுக்கே துளைத்துப் போகும் ஒரு நீளப் போல்ட், பின்பக்கம் ஷாக் அப்சார்பரின் அடியில் ஒரு போல்ட், அவ்வளவுதான். செயின் கிடையாது. சக்கரம் நேராக கியர்பெட்டியின் அச்சிலேயே உட்கார்ந்திருக்கிறது. ஆக, இரண்டு போல்ட்டைக் கழற்றினால் இன்ஜின், கிளட்ச், கியர்பெட்டி, பின்சக்கரம், பிரேக் எல்லாம் ஒரே கட்டியாகக் கீழே வந்துவிடும். பஞ்சரானால் சீக்கிரம் சக்கரம் மாற்ற வேண்டும், ஓட்டுபவர் உடையில் எண்ணெய் படக் கூடாது என்று தஸ்கானியோ யோசித்துச் செய்த அமைப்பு இது. அது இன்ஜின் மாற்றுகிறவர்களுக்கும் இவ்வளவு வசதியாக அமையும் என்று அவர் எதிர்பார்த்திருப்பாரா தெரியாது.

பையன்கள் முதலில் கைவைத்தது முழு இன்ஜினில் அல்ல, சிலிண்டரில். அதற்குத்தான் செலவு குறைவு. இருக்கிற கிராங்க்கை அப்படியே வைத்துக்கொண்டு மேலே 47 மில்லிமீட்டர் துளையுள்ள சிலிண்டரையும் பிஸ்டனையும் மாட்டினால் 75 சி.சி. கிடைக்கும். 55 மில்லிமீட்டர் போட்டால் 102. இத்தாலிய ஸ்கூட்டர் உலகத்தில் ‘நூற்றிரண்டு’ என்று சொன்னாலே போதும், விளக்கம் தேவையில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிகிற வேலை. கார்ப்ரெட்டர் மட்டும் பழையதே இருந்தால் பெரிய சிலிண்டர் மூச்சுத் திணறும்; ஐம்பதுக்கு டெல்லோர்ட்டோவின் 16 மில்லிமீட்டர் கார்ப்ரெட்டர் வரும், அதை எடுத்துவிட்டு பிரிமாவேராவின் 19-ஐப் போடுவார்கள். பிறகு இன்னொரு சிக்கல் தலைகாட்டும். கம்பெனி ஐம்பதுக்கு வைத்த பல்சக்கரங்கள் ஒன்றரைக் குதிரைத்திறனுக்குக் கணக்குப் போட்டவை. 102-ஐ மாட்டியதும் இன்ஜின் அலறுமே தவிர வண்டி பறக்காது. கிளட்ச்சுக்குப் பின்னால் இருக்கும் முதன்மைப் பல்சக்கரத்தை மாற்ற வேண்டும். அதற்கு இன்ஜினை இறக்கி இரண்டாகப் பிளக்க வேண்டும். இவ்வளவு தூரம் வந்தவன் யோசிப்பான்: எப்படியும் இன்ஜின் கீழே வந்தாயிற்று, ஒரு முழு நூற்றிருபத்தைந்தையே தூக்கி மாட்டினால் என்ன?

அந்த வேலையைக் கொஞ்சம் பக்கத்தில் நின்று பார்க்கலாம். முதலில் சீட்டுக்கு அடியில் கைவிட்டு கார்ப்ரெட்டரைக் குழாயிலிருந்து விடுவிக்க வேண்டும். அது உடலுக்குள் ஒளிந்திருப்பதால் கண்ணைவிட விரல்களைத்தான் நம்ப வேண்டும். அப்புறம் கிளட்ச் கேபிள், கியருக்கான இரண்டு கேபிள்கள், பின்பிரேக் கேபிள். ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு குட்டித் திருகு, அதைத் தொலைத்தால் அன்றைய வேலை அதோடு நின்றுவிடும். காயிலிலிருந்து வரும் ஒயர்களை அவற்றின் நிறம் பார்த்துப் பிரிக்க வேண்டும். கடைசியில் அந்த நீளப் போல்ட். இருபது ஆண்டு மழை குடித்த வண்டியில் அது ரப்பர் புஷ்ஷின் உள்ளிருக்கும் இரும்புக் குழாயோடு துருவால் ஒட்டிக்கிடக்கும். துரு இளக எண்ணெய் விட்டு, ஒரு ராத்திரி ஊறவிட்டு, மறுநாள் மரத்துண்டு வைத்துச் சுத்தியலால் தட்டினால்தான் நகரும். பாதி நாள் இந்த ஒரு போல்ட்டுக்கே போய்விடும். அது வெளியே வந்துவிட்டால் மிச்சம் எல்லாம் மளமளவென்று முடியும். இன்ஜினை ஒரு ஆள் தனியாகவே தூக்கிவிடலாம்.

மாட்டுகிற பக்கம் அவ்வளவு சுலபமில்லை. ஐம்பதின் தொடக்க காலக் கதவு சிறியது. பெரிய சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றவே கை நுழையாது. பல ஐம்பதுகள் 9 அங்குலச் சக்கரத்தில் ஓடின, பிரிமாவேராவுக்கு 10 அங்குலம். மூன்று கியர் வண்டியில் நான்கு கியர் இன்ஜின் ஏறினால் கைப்பிடியிலும் வேலை இருக்கும். 1980-களில் வெஸ்பாவின் பி.கே. வரிசை வந்த பிறகு, அடிபட்ட பி.கே. 125-களின் இன்ஜின்கள் பழைய உடல்களுக்குள் குடிபுகுந்தன. அவை 12 வோல்ட் மின்னணு இக்னிஷன் கொண்டவை. ஐம்பதோ பிளாட்டினம் பாயின்ட் வைத்த 6 வோல்ட் வண்டி. ஒயரிங்கையும் பல்புகளையும் மாற்றாமல் ஸ்டார்ட் செய்தால் முதல் முறுக்கிலேயே ஹெட்லைட் பல்பு போய்ச் சேரும்.

இவ்வளவும் செய்துவிட்டு, உடலில் இருக்கும் ‘50’ என்ற எழுத்தை மட்டும் யாரும் கழற்ற மாட்டார்கள். சூட்சுமமே அதில்தான். நம்பர் பிளேட் இல்லாததால் தூரத்திலிருந்து பார்க்கும் போலீஸ்காரருக்கு அந்த வண்டி என்ன என்று தெரிய வேறு வழியில்லை. பக்கத்தில் வந்தால் காட்டிக்கொடுக்க ஒரு சாட்சி உண்டு. பியாஜியோ ஒவ்வொரு உடலிலும் ஒவ்வொரு இன்ஜினிலும் மாதிரியின் குறியீட்டை எண்ணோடு பொறித்து அனுப்பும். உடலில் உள்ள குறியீடு ‘டி’ என்ற எழுத்தில் முடியும், இன்ஜினில் உள்ளது ‘எம்’மில் முடியும், பல மாதிரிகளில் முன்பகுதி இரண்டிலும் ஒன்றாகவே இருக்கும். உடல் வி5ஏ1டி என்றால் இன்ஜின் வி5ஏ1எம். அங்கே விஎம்ஏ2எம் என்று இருந்தால், பிரிமாவேராவின் இன்ஜின் ஐம்பதின் வீட்டில் குடியிருக்கிறது என்று பொருள். குனிந்து, கிரீஸைத் துடைத்து, அதைப் படிக்கிற பொறுமை எத்தனை போலீஸ்காரர்களுக்கு இருந்திருக்கும்! சிலிண்டரை மட்டும் மாற்றியவனுக்கு அந்தப் பயமும் இல்லை. கூடு பழையதுதானே, எண் மாறாது.

பையன்கள்மேல் மட்டும் பழி போடுவது நியாயமில்லை. வேகத்தை ஊட்டி வளர்த்தது கம்பெனிகள்தான். 1951 பிப்ரவரியில் தீனோ மஸ்ஸொன்சீனி என்பவர் டார்பீடோ வடிவில் செய்த 125 சி.சி. வெஸ்பாவில் ரோம்–ஓஸ்டியா சாலையில் மணிக்கு 171 கிலோமீட்டரைத் தொட்டார். அதே ஆண்டு போட்டி நிறுவனமான லாம்ப்ரெட்டாவுக்காக ரோமோலோ ஃபெர்ரி ஜெர்மனி நெடுஞ்சாலையில் 200-ஐத் தாண்டினார். இரண்டும் ஸ்கூட்டர் என்ற பெயரில்தான் விளம்பரமாயின. 1965-ல் பியாஜியோ தன் சின்ன உடலிலேயே 90 சூப்பர் ஸ்பிரின்ட் என்ற குறுகிய ஹேண்டில்பார் வண்டியைக் கொண்டுவந்தது. ஸ்டெப்னியைக் கால் வைக்கும் இடத்தின் நடுவே நிறுத்தி, அதன்மேல் டேங்க் மாதிரி ஒரு பெட்டியை வைத்து, குனிந்து ஓட்டும் பந்தயக்காரனின் தோரணையைக் கொடுத்தார்கள். 1976-ல் வந்த பிரிமாவேரா இ.டி.3, மின்னணு இக்னிஷனோடும் சிலிண்டரில் கூடுதலாக ஒரு வாயு வழியோடும் வந்தது; சுமார் 7 குதிரைத்திறன். ஐம்பது வைத்திருந்தவனுக்கு அதைப் பார்த்துவிட்டு ராத்திரி தூக்கம் வந்திருக்காது. எவனோ ஒருவன் இ.டி.3-ஐச் சுவரில் மோதி உடலை நசுக்கினால், அதன் இன்ஜினுக்கு அன்றே ஆள் காத்திருப்பான்.

இந்த ஆசையை நம்பி ஒரு தொழிலே வளர்ந்தது. பொலோனியாவில் 1930-ல் கார்ப்ரெட்டர் பழுதுபார்க்கும் பட்டறையாகத் தொடங்கிய மலோஸ்ஸி, பெர்காமோ பக்கம் 1945-ல் சைக்கிள் செய்ய ஆரம்பித்த பொலினி, ஸ்கூட்டர் சிலிண்டருக்கென்றே பெயர் எடுத்த பினாஸ்கோ. இவர்களின் பெட்டிகள் இத்தாலி முழுக்க உதிரிபாகக் கடைகளில் அடுக்கியிருந்தன. பொலினியின் 130 சிலிண்டர் 57 மில்லிமீட்டர் துளையுள்ளது. பிரிமாவேராவின் 51 மில்லிமீட்டர் ஓட்டத்தோடு சேர்த்தால் கணக்கு சரியாக 130-ல் வந்து நிற்கும். பெட்டியில் ‘போட்டிக்கு மட்டும்’ என்பதுபோல ஒரு வாசகம் இருந்தாலும், வாங்குகிறவன் எந்தப் போட்டிக்கும் போகப் போவதில்லை என்பது கடைக்காரருக்குத் தெரியாதா என்ன.

வினை எங்கே வந்ததென்றால், ஓடுவதற்கு மாற்றியவர்கள் நிற்பதற்கு மாற்றவில்லை. 40 கிலோமீட்டருக்கு அளந்து வைத்த டிரம் பிரேக்கை நம்பி 80, 90 என்று போனார்கள். இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜினில் எண்ணெய் பெட்ரோலோடு கலந்தே போக வேண்டும், லிட்டருக்கு 20 மில்லி. கார்ப்ரெட்டரின் ஜெட் சிறியதாக இருந்து கலவை மெலிந்தால் பிஸ்டன் சூடேறி சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும். நம்மூர் மெக்கானிக்குகள் ‘சீஸ் ஆயிடுச்சு’ என்று சொல்வது இதைத்தான். கியரில் ஓடிக்கொண்டிருக்கும் வண்டி என்பதால் இன்ஜின் நின்ற அதே கணம் பின்சக்கரமும் இறுகி நிற்கும். இடது கை கிளட்ச்சைப் பிடிப்பதற்குள் வண்டி பக்கவாட்டில் வழுக்கியிருக்கும். இவ்வளவு காலமும் தலையில் ஹெல்மெட் கிடையாது. 1986-ல்தான் பதினெட்டு வயதுக்குட்பட்ட மொபெட் ஓட்டிகளுக்கு இத்தாலி ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. எல்லா வயதினருக்கும் என்றானது 2000-ல். வேகத்துக்கு ஒரு கோடு போட்ட அரசுக்குத் தலையைப் பற்றிய நினைப்பு வர கால் நூற்றாண்டுக்குமேல் ஆகியிருக்கிறது.

பெரிய உடல் வெஸ்பாக்களிலும் இதே வேலை நடந்தது, காரணம்தான் வேறு. அங்கே சட்டத்தை ஏமாற்றும் உத்தேசம் குறைவு. இன்றைய சாலையில் லாரிக்குப் பின்னால் திணறாமல் போக வேண்டும் என்பதே தேவை. 1970-களின் பிற்பாதியில் வந்த பி200-இன் 198 சி.சி. இன்ஜினை 1960-களின் 150 சி.சி. உடலில் ஏற்றுவது இங்கிலாந்து, ஜெர்மனி, அமெரிக்கா என எங்கும் வழக்கமானது. இதில் இந்தியாவுக்கும் ஒரு பங்கு உண்டு. பியாஜியோவின் கூட்டாளியாக இருந்து பிரிந்த கான்பூரின் எல்.எம்.எல்., பழைய பி.எக்ஸ். வெஸ்பாவின் வடிவத்தைத் தொடர்ந்து வார்த்து வெளிநாடுகளுக்கு அனுப்பியது. பொன்தெதேராவில் பிறந்த பழைய உடலுக்குக் கான்பூர் இன்ஜின் போட்டவர்கள் ஐரோப்பாவில் உண்டு.

வெஸ்பா 50 வரிசையில் அதிகம் பேர் நினைவில் வைத்திருக்கும் ஸ்பெஷல் மாதிரி 1969-லிருந்து 1983 வரை வந்தது. அது நின்று பதினாறு ஆண்டு கழித்து, 1999-ல், பொலோனியா இளைஞர்களின் லூனாபாப் குழு அதன் பெயரிலேயே ஒரு பாட்டு வெளியிட, வண்டி பிறந்த காலத்தில் பிறக்காதவர்களும் அதைத் தேட ஆரம்பித்தார்கள். பழைய வண்டிகளின் விலை ஏற, கணக்கும் தலைகீழானது. ஏறத்தாழ 5,300 மட்டுமே செய்யப்பட்ட 90 சூப்பர் ஸ்பிரின்ட்டைப்போல சாதாரண உடல்களை வெட்டி ஒட்டிப் போலி செய்பவர்கள் கிளம்பினார்கள். அதனால் வாங்குபவர்கள் இன்று முதலில் பார்ப்பது அந்த ‘டி’யும் ‘எம்’மும் ஒத்துப்போகின்றனவா என்பதைத்தான். போலீஸ்காரர் குனிந்து படிக்காத எழுத்தைச் சேகரிப்பாளர் டார்ச் அடித்துப் படிக்கிறார்.

இன்னொரு பக்கம் இன்ஜின் மாற்றுகிறவர்களும் ஓய்ந்துவிடவில்லை. மலோஸ்ஸியும் பினாஸ்கோவும் இப்போது இன்ஜின் கூட்டையே புதிதாக வார்த்து விற்கின்றன; குவாத்ரீனி போன்ற சிறு நிறுவனங்களின் சிலிண்டர்கள் அதே சின்ன உடலில் இருபது குதிரைத்திறனுக்கு மேல் தருகின்றன. அதாவது பியாஜியோவின் ஒரு துண்டுகூட இல்லாமலே ஒரு வெஸ்பா இன்ஜினைக் கட்டிவிடலாம். 2006-ல் ஐம்பதுகளுக்கும் நம்பர் பிளேட் முறை வந்ததால் பழைய மறைவு வசதியும் போய்விட்டது. அதனால் இத்தாலியில் பழைய ஸ்பெஷலை விற்பவர் விளம்பரத்தில் 102 மாட்டியிருப்பதைப் பெருமையாகச் சொல்லிவிட்டு, கடைசி வரியில் இதையும் சேர்ப்பது உண்டு: அசல் ஐம்பது சிலிண்டர் பத்திரமாக இருக்கிறது, வண்டியோடு தரப்படும்.