காவலூர் வைணு பாப்பு வானாய்வகமும் ஆய்வாளர் பணியும்

திருப்பத்தூர் மாவட்டம் ஜவ்வாது மலையில், கடல்மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரத்தில் உள்ள காவலூரில் அமைந்துள்ளது வைணு பாப்பு வானாய்வகம். பெங்களூருவின் இந்திய வானியற்பியல் நிறுவனம் இதை நடத்துகிறது. ஜோலார்பேட்டை சந்திப்பில் ரயிலை விட்டு இறங்குவோர் திருப்பத்தூர், ஆலங்காயம் வழியாக மலையேறலாம்.

தோற்றம்

கொடைக்கானல் வானாய்வகத்தின் தலைமையை 1960-இல் ஏற்ற வைணு பாப்பு (1927–1982), விண்மீன் ஆய்வுக்கு இருண்ட வானமுள்ள இடத்தைத் தேடிக் காவலூரைத் தேர்ந்தார். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் இங்கிருந்து தென்வானத்தின் பெரும்பகுதியையும் பார்க்க முடியும். கொடைக்கானல் பட்டறையில் செய்த 38 செ.மீ. தொலைநோக்கியுடன் 1968-இல் பணி தொடங்கியது. 1972-இல் சைஸ் (Zeiss) நிறுவனத்தின் 1 மீட்டர் தொலைநோக்கி வந்தது. உள்நாட்டிலேயே உருவான 2.34 மீட்டர் தொலைநோக்கியை 1986 ஜனவரி 6 அன்று பிரதமர் ராஜீவ் காந்தி திறந்துவைத்தார். அது பாப்புவின் பெயரைத் தாங்கியுள்ளது.

பணிமுறை

தொலைநோக்கி நேரம் கேட்டு விண்ணப்பிப்பதே ஆய்வாளரின் முதல் வேலை. எந்த விண்மீன், எந்தக் கருவி, எத்தனை இரவு, ஏன் என்பதை விண்ணப்பத்தில் விளக்க வேண்டும். ஒதுக்கிய இரவில் மேகம் மூடினால் அந்த வாய்ப்பு போனதுதான். தெளிந்த வானம் அதிகம் கிடைப்பது ஜனவரி முதல் ஏப்ரல் வரை.

இருட்டும் முன்பே, ஒளியைப் பதிவுசெய்யும் மின்னணு உணரியைச் சரிபார்க்கும் படங்கள் எடுக்கப்படும். நிறமாலை எடுப்பவர், விண்மீனின் ஒளியுடன், அலைநீளம் தெரிந்த கோடுகளைத் தரும் விளக்கின் ஒளியையும் பதிந்துகொள்வார். விண்மீனின் கோடுகள் எவ்வளவு நகர்ந்துள்ளன, அது நம்மை நெருங்குகிறதா விலகுகிறதா என்பதற்கு அந்த விளக்கே அளவுகோல். ஒவ்வொரு பதிவின் நேரமும் வானத்தின் நிலையும் இரவுக் குறிப்பேட்டில் ஏறும். மின்னணு உணரிகள் வருமுன், விண்மீன் தொலைநோக்கியின் பார்வையிலிருந்து விலகாமல் கண் பதித்துக் காத்திருந்து, பின்பு இருட்டறையில் ஒளிப்படத் தகட்டைக் கழுவ வேண்டியிருந்தது.

மலையில் கழிவது சில இரவுகள்தான். தரவுகளைச் சீரமைப்பது, கட்டுரை எழுதுவது, மதிப்பீட்டாளர் கேள்விகளுக்கு விடை சொல்வது, முனைவர் பட்ட மாணவருக்கு வழிகாட்டுவது என எஞ்சிய மாதங்கள் செல்லும்.

1977: யுரேனஸ்

1977 மார்ச்சில் யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்தபோது, ஜே. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் காவலூரில் அந்த விண்மீனின் ஒளியை அளந்தனர். கோள் மறைப்பதற்கு முன்பே ஒளி சில விநாடிகள் மங்கியது. அதைப் புதிய துணைக்கோள் என்று கருதி ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டனர். அதே நிகழ்வை இந்தியப் பெருங்கடல் மேல் பறந்த கைப்பர் விமான ஆய்வகத்திலிருந்து அளந்த ஜேம்ஸ் எலியட் குழுவினர், கோளின் இருபுறமும் ஒத்த தொலைவுகளில் பல மங்கல்களைக் கண்டனர். மறைத்தவை வளையங்கள் என்பது இவ்வாறு தெளிவானது. காவலூரின் விளக்கம் மாறினாலும் அதன் அளவீடு நிலைத்தது. வளையங்களுக்கு அதுவும் சான்றாயிற்று.

பங்களிப்பு

1988-இல் ஆர். ராஜமோகன் இங்கு கண்டறிந்த குறுங்கோள், கணிதமேதை ராமானுஜனின் பெயரைப் பெற்று 4130 ராமானுஜன் ஆனது. ஒளி மாறும் விண்மீன்களும் வால்வெள்ளிகளும் இங்கு தொடர்ந்து ஆராயப்படுகின்றன. கடந்துபோன இரவை எந்தக் கருவியாலும் திரும்ப அளக்க முடியாது. அதனால் நேரமும் குறிப்பும் பிழையின்றி எழுதிய பதிவு, எழுதியவர் ஓய்வு பெற்ற பின்னும் அடுத்த தலைமுறை ஆய்வுக்குப் பயன்படும்.