தாய் இறால் யார் கையில்?

பூரணாங்குப்பத்துக்கு அருகே சுண்ணாம்பாறு கடலில் சேரும் முகத்துவாரம் இறால் வளர்ப்பின் வரலாற்றில் பேர்பெற்ற இடம் அல்ல. ஆனாலும் அந்த வரலாற்றை இப்படி ஒரு முகத்துவாரத்திலிருந்து தொடங்குவதே முறை. வெள்ளை இறாலும் வரி இறாலும் கடலில்தான் முட்டையிடும். கண்ணுக்குப் புலப்படாத நாப்ளியஸாகப் பொரிந்து, சோயியாவாகி, மைசிஸாகி, சில வாரங்களில் பொடிக் குஞ்சாகி, ஓதத்தோடு கழிக்குள் ஏறும். அங்கே சில மாதம் சேற்றில் மேய்ந்து வளர்ந்தபின் கடலுக்குத் திரும்பும். பிச்சாவரத்து இருளர்கள் நீரில் இறங்கி, ஓலைப் பறியைப் பல்லால் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவிப் பிடிப்பது இந்த வளரும் பருவத்து இறாலைத்தான். அந்தத் தொழிலில் தாய் இறாலுக்குச் சொந்தக்காரர் என்று யாரும் கிடையாது. கடல் பெற்றது, கழி வளர்த்தது. பிற்பாடு இந்தக் கரையில் வந்த லாபம், நோய், வழக்கு எல்லாவற்றையும், தாய் இறால் யார் கைக்குப் போனது என்ற கேள்வியை வைத்துத்தான் சரியாக விளங்கிக்கொள்ள முடியும் என்பது என் வாதம்.

1934இல் ஜப்பானில் மோட்டோசாக்கு ஃபுஜினாகா குருமா இறாலைத் தொட்டியில் முட்டையிட வைத்துக் குஞ்சுகளை வளர்த்துக் காட்டினார். இந்தியாவில் அந்த வித்தை கைகூடியது 1970களில், கொச்சியை அடுத்த நாரக்கல்லில், மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் கூடத்தில். அங்கே பொரித்த முக்கியமான இனம் நம் கரையின் வெள்ளை இறால் என்பதை நினைவில் வைக்க வேண்டும். ஆனால் 1980களின் இறுதியில் பண்ணைகள் பெருகியபோது எல்லோரும் கேட்டது ‘டைகர்’, அதாவது வரி இறால். அது பெரிதாக வளரும், ஏற்றுமதியில் நல்ல விலை போகும். அதில் ஒரே ஒரு சிக்கல்: தொட்டியில் அது எளிதில் இணை சேராது. ஆகவே மரக்காணம் பக்கத்துப் பொரிப்பகங்கள் சினை பிடிக்கும் தாய்களை விசைப்படகு வலைகளில் தேடின. வந்த தாயின் ஒரு கண்காம்பை நசுக்குவார்கள் அல்லது வெட்டுவார்கள். சினை முதிர்வதைத் தடுக்கும் ஹார்மோன் அந்தக் காம்பில்தான் சுரக்கிறது. சில நாளில் லட்சக்கணக்கில் முட்டை. ஒரு தாயின் பிள்ளைகளே பல குட்டைகளை நிரப்பிவிடும். அந்தத் தாய் எந்தக் கடலில் பிடிபட்டது, உடம்பில் என்ன கிருமி இருந்தது என்று கேட்பவர் அநேகமாக இல்லை. 1994-95இல் வெள்ளைப் புள்ளி நோய் கிழக்குக் கரையைப் படுக்க வைத்ததற்கு இது முக்கியமான காரணம். சர்வோதயத் தலைவர் எஸ். ஜகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு கரையோரப் பண்ணைகளைக் கட்டுப்படுத்தியது. நிலத்தையும் நிலத்தடி நீரையும் காக்க அது அவசியமாக இருந்தது. ஆனால் தாய் இறால் எங்கிருந்து வர வேண்டும் என்பது அந்த வழக்கின் பொருள் அல்ல.

‘நோய் கொண்டுவந்தது வைரஸ், தாயின் வம்சத்தை ஏன் இழுக்கிறீர்கள்?’ என்று கேட்கலாம். அரசும் அப்படித்தான் நினைத்தது, அதற்கு நியாயமும் இருந்தது. பசிபிக் கடலின் அமெரிக்கக் கரையைச் சேர்ந்த வனாமி தொட்டியில் எளிதில் இணை சேரும், குறைந்த புரதத் தீவனத்தில் வளரும், நோய்க்கிருமி நீக்கிய தாய்களாகவே கிடைக்கும். 2003இல் சோதனைக்கு அனுமதி, 2009இல் வணிக வளர்ப்புக்கு அனுமதி. இறக்குமதித் தாய்களைத் தனிமைப்படுத்திச் சோதிக்கச் சென்னை நீலாங்கரையில் கூடம் அமைந்தது. பலனை மறுக்க முடியாது: 2022-23இல் இந்தியாவின் உறைந்த இறால் ஏற்றுமதி 7 லட்சம் டன்னைத் தாண்டியது, அதில் பெரும்பங்கு வனாமி. ஆனால் கிருமி இல்லாதது என்பது வேறு, கிருமியைத் தாங்குவது என்பது வேறு. குட்டையில் இறங்கிய மறுநாளே அந்தக் குஞ்சுக்குக் கிருமி வந்து சேரலாம். குடலை ஒட்டிய கல்லீரல்-கணையத்தில் தங்கி வளர்ச்சியைக் குன்றவைக்கும் ஈஎச்பி ஒட்டுண்ணி வந்ததும் அப்படித்தான். அப்போது தாங்கி நிற்பது வம்சத்தின் வகைவகையான மரபணுக்கள்தான். இறக்குமதித் தாய்களோ சில குடும்பங்களிலிருந்து தேர்ந்தவை. அவற்றின் பிள்ளைகளைக் குட்டையிலேயே வளர்த்து மறுபடி தாயாக்கினால், அண்ணன் தங்கை சேர்ந்த கணக்கில் உள்ளினக்கலப்பு ஒரே தலைமுறையில் 25 சதவீதம் ஆகிவிடும். தாய்களை விற்பவர்கள் தங்கள் வம்சத்தைப் பிறர் நகலெடுக்காமல் பூட்டி வைப்பதும், வாங்கியவர்கள் சிக்கனத்துக்காக நகலெடுப்பதும் சேர்ந்து இறாலை நோய்க்கு இளைத்ததாக்குகின்றன என்று மரபியலாளர் ராஜர் டாயில் 2016இல் எச்சரித்தார். நோயும் வம்சமும் தனித்தனிக் கதைகள் அல்ல.

‘கடல் பெரிது, இறாலின் இனம் அழியவா போகிறது?’ என்பது இன்னொரு வாதம். எண்ணிக்கை மட்டும் பார்த்தால் அப்படித் தோன்றும். ஆனால் லட்சக்கணக்கான குஞ்சுகளில் மிகச் சிலவே பிழைப்பதால், அடுத்த தலைமுறையைத் தருகிற தாய்கள் நாம் நினைப்பதைவிடக் குறைவாக இருக்கலாம். 1999இல் டூடாவும் பலும்பியும் மேற்கு இந்தியப் பெருங்கடலின் வரி இறாலும் மேற்கு பசிபிக்கின் வரி இறாலும் மரபணுவில் பிரிந்து கிடப்பதைக் காட்டினார்கள். 2012இல் ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையத்தினர் தென்மேற்கு, கிழக்கு, அந்தமான் கரைகளின் வரி இறாலைப் பருவக்காற்று நீரோட்டங்களோடு சேர்த்து ஆராய்ந்தார்கள். பார்வைக்கு ஒன்றுபோல இருக்கிற இறால் எல்லாம் ஒரே கூட்டம் அல்ல. ஆகவே மணல் மூடிய முகத்துவாரம் கழியின் மீன்பாட்டை மட்டும் குறைப்பதில்லை, கடலுக்குத் திரும்பும் ஒரு வம்சத்தின் வழியையும் அடைக்கிறது.

வனாமிக்கு மாற்றாக நம் வெள்ளை இறாலை வளர்க்கலாமே என்றால், அது மெதுவாக வளர்கிறது என்று பண்ணையாளர்கள் சொல்கிறார்கள். அது சரியே. ஆனால் வனாமிக்குப் பின்னால் முப்பது ஆண்டுத் தேர்வு வளர்ப்பு இருக்கிறது; வெள்ளை இறாலுக்கு இந்தியாவில் அப்படி நீண்டகாலத் தேர்வு நடக்கவில்லை. நேற்றுக் கடலில் பிடித்ததை முப்பது ஆண்டுப் பயிற்சி பெற்றதோடு ஓடவிட்டுத் தீர்ப்புச் சொல்வது நியாயம் அல்ல. நாட்டினம் என்பதாலேயே அது நோய்க்குத் தப்பிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. வெள்ளைப் புள்ளி அதையும் கொல்லும். சென்னையின் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிலையத்தில் 2023இல் தொடங்கிய வெள்ளை இறால் மரபணு மேம்பாட்டுத் திட்டம் தாமதமானாலும் சரியான முடிவு. அது நிலைக்க வேண்டுமானால் ஓரிரு இடத்துத் தாய்களோடு நின்றுவிடாமல், சுண்ணாம்பாறு போன்ற சின்ன முகத்துவாரங்களின் இறாலையும் சேகரிக்க வேண்டும். குஞ்சு வாங்கும்போது கிருமி இல்லை என்ற பிசிஆர் சோதனைச் சான்று கேட்கப் பண்ணையாளர்கள் கற்றுக்கொண்டுவிட்டார்கள். அதே ரசீதில் தாயின் வம்சமும் எத்தனையாவது தலைமுறை என்பதும் எழுதித் தரும்படி இனி பொரிப்பகங்களிடம் கேளுங்கள்.