ஏற்றமும் எளிமையும்: இறையுதவி குறித்த குர்ஆனின் பார்வை

குர்ஆனின் 92ஆம் அத்தியாயமான அல்லைல், வாரி வழங்கி, இறைவனை அஞ்சி, மிக நல்லதை மெய்யென ஏற்றவருக்கு வழியை இலகுவாக்குவதாக வாக்களிக்கிறது (92:5-7). அதற்கு இரண்டு அத்தியாயங்கள் முன்னால் வரும் அல்பலதோ, அடிமையை விடுவிப்பதையும் பஞ்ச நாளில் அநாதைக்கும் ஏழைக்கும் உணவளிப்பதையும் செங்குத்தான கணவாய் என்கிறது (90:11-16). இரண்டிடத்திலும் பேச்சு கொடையைப் பற்றியதே. ஓரிடத்தில் ஏற்றமாக இருப்பது இன்னோரிடத்தில் இலகுவாவது எப்படி? இறையுதவி பாதையின் செங்குத்தைக் குறைப்பதில்லை. நடப்பவரின் உள்ளத்தையே மாற்றுகிறது என்பது என் வாதம்.

இதற்கு வலுவான சான்று அல்பகரா அத்தியாயத்தில் இருக்கிறது. பொறுமையையும் தொழுகையையும் கொண்டு உதவி தேடச் சொல்லும் வசனம், உள்ளச்சம் உடையோரைத் தவிர மற்றவர்களுக்கு அது பாரமானது என்கிறது (2:45). ஃபஜ்ரின் இரண்டு ரக்அத்துகள் எல்லோருக்கும் இரண்டுதான். தொழுகையின் அளவு மாறவில்லை. தொழுபவரின் உள்ளம் மாறுகிறது.

அல்லைல் அத்தியாயத்தின் இறுதி வசனங்களைக் குர்ஆன் விரிவுரையாளர்கள் (முஃபஸ்ஸிர்கள்) பலர் அபூபக்ர் (ரலி) அவர்களோடு இணைக்கின்றனர். நலிந்த அடிமைகளை விலை கொடுத்து வாங்கி அவர் விடுவித்தபோது, வலிமையான ஆண்களை விடுவித்தால் உனக்குப் பாதுகாப்பாக நிற்பார்களே என்று தந்தை அபூ குஹாஃபா கேட்டதாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. தாம் அல்லாஹ்வுக்காகவே செய்வதாக மகன் பதிலளித்தார். தந்தையின் கணக்கு மக்காவின் நடைமுறைக்குப் பொருத்தமானதுதான். மகனின் செல்வம் கரைந்தது, குறைஷிகளின் பகையும் தணியவில்லை. ஆனால் அந்த லாப நட்டக் கணக்கு அவரைத் தடுக்கும் வலிமையை இழந்திருந்தது. எளிதாக்கப்படுதல் என்பது இதுவே.

எல்லாம் விதிக்கப்பட்டிருக்க, முயற்சி எதற்கு என்ற மறுப்பு எழலாம். மதீனாவின் பகீஉ அடக்கத்தலத்தில், ஒரு ஜனாஸாவின்போது, இதே கேள்வி எழுந்தது. நபி (ஸல்) அவர்கள் கையிலிருந்த குச்சியால் தரையைக் கீறியபடி, ஒவ்வொருவரின் இருப்பிடமும் எழுதப்பட்டுவிட்டது என்றார்கள். அதையே நம்பிச் செயலை விட்டுவிடலாமா என்று கேட்கப்பட்டபோது, செயல்படுங்கள், அவரவர் எதற்காகப் படைக்கப்பட்டாரோ அது அவருக்கு எளிதாக்கப்படும் என்று கூறி, அல்லைலின் மேற்கண்ட வாக்குறுதியில் தொடங்கும் வசனங்களை (92:5-10) ஓதினார்கள். அலீ (ரலி) அறிவிக்கும் இந்த ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உண்டு. ஓதப்பட்ட வசனங்கள் கஞ்சனையும் விட்டுவைக்கவில்லை: அவனுக்குக் கடினத்தின் வழி இலகுவாக்கப்படுகிறது (92:8-10). கொடுக்காத கைக்குக் கொடுக்காமலிருப்பது பழகிப்போகிறது.

நன்மையை எளிதாக்கும் இறையுதவி இறைநீதியின்படி கட்டாயமானது என்றனர் இறையியல் பிரிவினரான முஃதஸிலாக்கள். கீழ்ப்படியும் ஆற்றலையே இறைவன் படைத்தளிப்பதுதான் தவ்ஃபீக், அது முழுக்க அவன் அருள் என்றனர் மற்றொரு இறையியல் பிரிவினரான அஷ்அரீக்கள். பின்னதே ஃபாத்திஹாவோடு பொருந்துகிறது. நாள்தோறும் 17 கடமையான ரக்அத்துகளிலும் அடியான், உன்னையே வணங்குகிறோம் என்ற கையோடு உன்னிடமே உதவி தேடுகிறோம் என்கிறான். வணங்கிக்கொண்டிருப்பவனே வணங்குவதற்கான உதவியையும் கேட்கிறான். உரிமையாக அல்ல, யாசகமாக.

ஆகவே, அல்லாஹ் மனதை மாற்றட்டும், அப்புறம் தொழுகிறேன் என்பது வரிசையைத் தலைகீழாக்குவது. உதவி வரட்டும் என்று நின்றுகொண்டு காத்திருக்கக் கூடாது. நடந்துகொண்டே கேட்க வேண்டும். நன்மை எளிதாக வருகிறவர் அதைத் தம் சாதனையாகக் கருத இடமில்லை. கடினமாக உணர்கிறவர் கைவிடப்பட்டதாகக் கலங்கவும் தேவையில்லை: அந்தப் பாதை செங்குத்தானது என்று முன்கூட்டியே சொன்னவனிடமே அவர் உதவி கேட்கிறார்.