ஆரணிக்குத் திரும்பிச் செல்லுதல்: நகர வளர்ச்சி ஆய்வும் ஆய்வாளரின் பணிக்காலமும்

வளரும் நாடுகளின் நகரங்களை ஆராய விரும்பும் இளம் பொருளியலாளருக்கு இன்று பாதை ஏறக்குறைய வகுக்கப்பட்டுவிட்டது. முனைவர் பட்டம், பெரிய தரவுத் தொகுப்பு ஒன்று, முன்னணி ஆங்கில இதழ்கள் ஐந்தில் ஒன்றிலேனும் கட்டுரை. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் நிரந்தரப் பணிக்குத் தகுதியானவரா என்பது பெரும்பாலும் ஆறேழு ஆண்டுகளில் முடிவாகிவிடுகிறது. நம் நாட்டில் ஆய்வு உதவியாளரின் ஒப்பந்தம் திட்டத்தோடு முடிகிறது. ஓர் ஊர் நகரமாக மாறுவதற்கோ ஒரு தலைமுறை ஆகும். இந்தக் கால இடைவெளியை ஆய்வாளரின் சொந்தக் கஷ்டமாக மட்டும் பார்க்க முடியாது. நகரங்களைப் பற்றி எது தெரியவருகிறது, எது தெரியாமலே போகிறது என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது என்பது என் வாதம்.

இத்துறையின் இரண்டு முக்கியக் கருத்துகள் பிறந்த இடங்களைப் பார்க்கலாம். 1964-இல் கென்யாவில் அரசும் முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தனர்: முதலாளிகள் கூடுதலாக ஆள் எடுப்பது, சங்கங்கள் கூலி உயர்வு கேட்காதிருப்பது. ஆள் எடுக்கிறார்கள் என்ற செய்தி பரவியதும் கிராமங்களிலிருந்து மேலும் பலர் வந்து சேர்ந்தார்கள், வேலையின்மை தீரவில்லை. நைரோபியில் பணியாற்றிய ஜான் ஹாரிஸும் மைக்கேல் டொடாரோவும் 1970-இல் வெளியிட்ட மாதிரி இந்தப் புதிரை விளக்கியது. ஊரைவிட்டுப் புறப்படுபவர் நகரக் கூலியை மட்டும் பார்ப்பதில்லை, அந்த வேலை கிடைப்பதற்கான வாய்ப்பையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறார் என்றது. ஆனால் அந்த மாதிரியில் வேலை கிடைக்காதவர் நகரில் வெறுமனே காத்திருப்பவர். 1960-களின் நடுவில் கானாவின் அக்ரா நகரில், நீமா குடியிருப்பில் வாழ்ந்து ஃப்ராஃப்ரா மக்களிடையே களப்பணி செய்த மானுடவியலாளர் கீத் ஹார்ட் அப்படிக் காத்திருப்பவர்களைக் காணவில்லை. எல்லோரும் ஏதோ ஒரு சிறுவணிகமோ கைத்தொழிலோ செய்து பிழைத்தார்கள். 1971-இல் ஒரு மாநாட்டில் வாசித்து 1973-இல் அவர் அச்சிட்ட கட்டுரையிலிருந்துதான் 'முறைசாரா' வருவாய் என்ற கருத்து பரவியது. 1972-லேயே பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் கென்யா அறிக்கை அதை எடுத்தாண்டது.

நம் பக்கத்து உதாரணம் ஆரணி. 1973-74-இல் பி. எச். ஃபார்மர் தலைமையில் கேம்பிரிட்ஜ், சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வட ஆர்க்காட்டிலும் இலங்கையின் அம்பாந்தோட்டையிலும் பசுமைப் புரட்சியை ஆராய்ந்தனர். அக்குழுவில் நெல் வணிகத்தைத் தொடர்ந்து சென்ற பார்பரா ஹேரிஸ்-ஒயிட் ஆரணிக்கு வந்து சேர்ந்தார். அதன்பின் ஏறத்தாழ பத்தாண்டுக்கு ஒருமுறை அதே ஊரின் கடைகளையும் பட்டறைகளையும் ஆலைகளையும் அவரும் அவருடன் பணியாற்றியவர்களும் மீண்டும் ஆராய்ந்தனர். அரிசியும் பட்டும் இருந்த ஊரில் தங்க நகைத் தொழில் வேர்பிடித்ததை அவர்களால் காலவரிசைப்படி சொல்ல முடிந்தது. தொழில்கள் எண்ணிக்கையில் பெருகின. பெரும்பாலானவை குடும்ப உழைப்பை நம்பிய சிறுதொழில்களாகவே நின்றன. மூலதனம் சில கைகளில் குவிந்தது. கடன் யாருக்கு, வேலை யாருக்கு என்பதைச் சாதியும் வணிகச் சங்கங்களும் தொடர்ந்து தீர்மானித்தன. ஒரே ஒருமுறை வந்து போனவருக்கு இது சுறுசுறுப்பான வளர்ச்சியாக மட்டுமே தெரிந்திருக்கும்.

அரிசி ஆலையின் உலர்களத்தை எடுத்துக்கொள்வோம். அவித்த நெல்லைக் களத்தில் பரப்பி, காலால் கிளறிவிட்டுக் காயவைப்பது பெண்களின் கூலி வேலை. வானம் கறுத்தால் ஓடிப்போய் குவித்து மூட வேண்டும். டிரையர் பொருத்திய ஆலையில் இந்த வேலைக்கு ஆள் தேவையில்லை. மின்சாரம் கூடுகிறது, உற்பத்தி கூடுகிறது, களத்துப் பெண்கள் இல்லை. இரவில் செயற்கைக்கோள் பதிவுசெய்யும் ஒளியைக் கொண்டு பொருளாதார வளர்ச்சியை அளக்கலாம் என்று ஹென்டர்சன், ஸ்டோரிகார்ட், வெய்ல் மூவரும் 2012-இல் காட்டினார்கள். புள்ளிவிவரம் நலிந்த நாடுகளுக்கு அது பெரிய உதவி. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த ஒளியில் ஆலைதான் தெரியும். களத்தில் வேலை இழந்தவள் எங்கே போனாள் என்பதை அவளைத் தேடிப்போய்த்தான் கேட்க வேண்டும்.

அரசின் எண்களை மட்டும் நம்பவும் வழியில்லை. 2004-இல் தமிழகத்தில் 500-க்கும் மேற்பட்ட பேரூராட்சிகள் சிறப்புக் கிராம ஊராட்சிகளாக்கப்பட்டன. 2006-இல் மீண்டும் பேரூராட்சிகளாயின. ஊர்களில் எதுவும் மாறவில்லை, ஆணை மாறியது. நகராட்சி நிர்வாகம் இல்லாமலே, மக்கள்தொகை, அடர்த்தி, வேளாண்மை சாராத வேலை ஆகியவற்றால் நகரமெனக் கணக்கெடுப்பில் சேர்க்கப்படும் ஊர்கள் இந்தியாவில் 2001-இல் 1,362, 2011-இல் 3,894. இவற்றில் எத்தனை ஊர்களுக்கு ஓர் ஆய்வாளர் இரண்டாம் முறை போயிருப்பார்?

ஒரே ஊரைப் படித்துப் பொது உண்மை சொல்ல முடியுமா என்று இதழாசிரியர்கள் கேட்பார்கள். உலகமெல்லாம் பாடமான ஹாரிஸ்-டொடாரோ மாதிரி கிழக்கு ஆப்பிரிக்க அனுபவத்தில் பிறந்தது. முறைசாராத் துறை நீமாவில் பிறந்தது. ஊரைத் துருவிப் பார்த்ததால்தான் அவை ஊர் தாண்டிச் சென்றன. வலுவான ஆட்சேபம் வேறொன்று: ஒருவரின் ஆயுளை நம்பிய ஆய்வு அவரோடு முடிந்துபோகும். இதற்குச் சென்னையிலேயே விடை இருக்கிறது. 1916-இல் சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தம் மாணவர்களைக் கொண்டு ஆராய்ந்த கிராமங்களை 1930-களில் வேறு ஆசிரியர்கள் மறுபடி ஆராய்ந்தார்கள். அவற்றில் ஒன்றான இருவேல்பட்டுக்கு 1981-லும் 2008-லும் புதிய ஆய்வாளர்கள் சென்றார்கள். வினாத்தாளும் ஊரும் கைமாறிக்கொண்டே வந்தன. கிராமங்களுக்கு அமைந்த இந்தத் தொடர்ச்சி நம் நகரங்களுக்கு அமையவில்லை.

2021-இல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027-க்குத் தள்ளிப்போயிருக்கிறது. புதிய நகரங்களின் பட்டியல் வரும்போது, மாவட்டத்துக்கு ஓர் ஊரையாவது அருகிலுள்ள பல்கலைக்கழகத்தின் பொருளியல் துறை பொறுப்பேற்க வேண்டும். நிதி பத்தாண்டுக்கு உறுதியாக வேண்டும், களஆய்வாளர்களுக்கு நிரந்தர ஊதியம் வேண்டும், அவர்கள் பெயர் நூலின் முகப்பில் இருக்க வேண்டும். மறுஆய்வை முதல் ஆய்வுக்கு இணையாகப் பதவி உயர்வில் கணக்கிடப் பல்கலைக்கழக மானியக் குழு விதி வகுக்க வேண்டும்.