கொழும்பு வரை போன விவாகப் பதிவு

1977இல் நாட்டின் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பிறகு சம்மாந்துறையிலிருந்து வளைகுடாவுக்குப் போகிறவர்கள் பெருகினார்கள். மனைவி மக்களைக் கூப்பிட நினைத்தவர்களுக்கு விவாகப் பதிவும் பிறப்புப் பதிவும் வேண்டியிருந்தன. சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளனான என் மேசைக்கு அவை வந்தது அப்படித்தான். ஓரம் நைந்த தமிழ்ப் பதிவை ஆங்கிலத்தில் எழுதும்போது, பெயரின் ஒவ்வோர் எழுத்தையும் கடவுச்சீட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன். ஓர் எழுத்து பிசகினாலும் விசா நின்றுபோகும்.

பிறகு கொழும்பு. வெளிநாட்டமைச்சின் கொன்சியூலர் பிரிவு, அடுத்து அந்த நாட்டுத் தூதரகம், போய் இறங்கிய பின் அங்குள்ள அமைச்சு. ஒவ்வொரு முத்திரையும் தனக்கு முந்திய கையொப்பம் மெய்யானது என்று மட்டுமே சொல்லும். உள்ளே எழுதியிருப்பதற்குப் பொறுப்பேற்காது. 1961ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கை இந்தச் சங்கிலியை ஒரே சான்றாகச் சுருக்கியிருந்தது. இலங்கை அப்போது அதில் சேரவில்லை.

யுத்த காலத்தில் அந்தப் பயணம் பெரும் பாடு. கைக்குழந்தையோடு இரவு பஸ்ஸேறி, சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறி, விடியற்காலையில் வரிசையில் நின்ற உம்மாமாரை நினைத்தால் இன்றும் மனம் பொறுக்காது. பின்னாளில் கணினி வழி அத்தாட்சி வந்தது. திருகோணமலையிலும் ஒரு பிராந்திய அலுவலகம் திறந்தார்கள். எங்களுக்கு அதுவும் தூரம்தான். கல்முனையில் ஒன்று எப்போதோ திறந்திருக்க வேண்டும்.