லூபஸ் நோய்: பரம்பரையின் பங்கு எவ்வளவு?

உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்புச் சக்தியே உடலைத் தாக்குவதுதான் லூபஸ். தோல், மூட்டு, சிறுநீரகம், இரத்தம், மூளை என எந்த உறுப்பும் பாதிக்கப்படலாம். நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். பெரும்பாலும் 15 முதல் 45 வயதுக்குள் தொடங்குகிறது. இது தொற்றுநோய் அல்ல.

குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால்?

உருவம் ஒத்த இரட்டையரில் ஒருவருக்கு லூபஸ் இருந்தால், மற்றவருக்கும் வரும் வாய்ப்பு ஏறக்குறைய நான்கில் ஒன்று. இருவருக்கும் ஒரே மரபணுக்கள் இருந்தும் பலருக்கு வருவதில்லை. கடும் வெயில், புகைப்பழக்கம், சில கிருமித் தொற்றுகள், பெண் ஹார்மோன்கள் ஆகியவற்றுக்கும் இதில் பங்குண்டு. லூபஸ் உள்ள தாயின் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இந்நோய் வருவதில்லை.

இனத்துக்கு இனம் வேறுபாடு

லூபஸுடன் தொடர்புள்ள மரபணு இடங்கள் நூற்றுக்கும் மேல் கண்டறியப்பட்டுள்ளன. அவற்றுள் முக்கியமானது 6ஆவது குரோமோசோமில் உள்ள எச்.எல்.ஏ. பகுதி. ஐரோப்பியரிடம் அதன் டி.ஆர்.3 வகையும், சீனர் உள்ளிட்ட கிழக்காசியரிடம் டி.ஆர்.2 வகையும் ஆபத்தைக் கூட்டுகின்றன. ஸ்டேட்4 என்ற மரபணுவின் பங்கு இரு தரப்பினரிடமும் உண்டு. பி.டி.பி.என்.22 மரபணுவின் ஆபத்தான வகையோ ஐரோப்பியரிடம் காணப்படுகிறது. கிழக்காசியரிடம் அநேகமாக இல்லை.

எஃப்.சி.ஜி.ஆர்.2பி மரபணுவின் ஒரு வகை லூபஸ் ஆபத்தைக் கூட்டும். அதே வகை கடும் மலேரியாவிலிருந்து காக்கிறது. ஆப்பிரிக்காவிலும் தென்கிழக்காசியாவிலும் அது அதிகம் காணப்படுவதற்கு, அங்கு நெடுங்காலம் நிலவிய மலேரியாவே காரணம் என ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

பிரிட்டனில் வாழும் தெற்காசியரிடம் லூபஸ் வெள்ளையரைவிட அதிகம். மலேசிய மருத்துவமனைகளில் சீன நோயாளிகள் கூடுதலாக இருந்தாலும், இந்தியருக்கு வராது என்று எண்ணிவிடக் கூடாது.

நாம் கவனிக்க வேண்டியவை

மரபணுச் சோதனையால் லூபஸை உறுதிப்படுத்துவதில்லை. அறிகுறிகள், ஏ.என்.ஏ. உள்ளிட்ட இரத்தப் பரிசோதனைகள், சிறுநீர்ப் பரிசோதனை ஆகியவற்றைச் சேர்த்தே மருத்துவர் முடிவு செய்வார்.

கன்னங்களிலும் மூக்கிலும் வண்ணத்துப்பூச்சி வடிவில் சிவந்த தடிப்பு, வாரக்கணக்கில் நீடிக்கும் மூட்டுவலி, வாய்ப்புண், முடி உதிர்தல், கால் வீக்கம், நுரைத்த சிறுநீர் ஆகியவை அறிகுறிகள். தாய்க்கோ உடன்பிறந்தவருக்கோ லூபஸ் இருந்தால், இவற்றை வேலைக் களைப்பு என்று விட்டுவிட வேண்டாம். கிளினிக்கில் அந்தக் குடும்ப விவரத்தையும் சொல்லுங்கள். சிறுநீரகப் பாதிப்பு தொடக்கத்தில் வலி தராது. எளிய சிறுநீர்ப் பரிசோதனையிலேயே அது தெரிந்துவிடும்.

லூபஸை முற்றாகக் குணப்படுத்த முடியாவிட்டாலும் மருந்தால் கட்டுப்படுத்தலாம். நோய் தணிந்திருக்கும் காலத்தில், மருத்துவரின் ஆலோசனையோடு பலர் நலமாகப் பிள்ளை பெறுகின்றனர். எனவே இது குடும்பத்தின் சாபமும் அல்ல, பெண்ணின் குறையும் அல்ல.