இன்னும் ஓர் எலும்பு

முதுகெலும்பின் உள்ளே, சுண்டுவிரல் பருமனே உள்ள தண்டுவடம் ஓடுகிறது. கால்கள் நடப்பதும், தொட்டால் தோல் உணர்வதும், சிறுநீரை அடக்க முடிவதும் அதன் வழியாகவே. அதைக் காத்து நிற்கும் எலும்புக் கூண்டோ விரிந்து கொடுக்காது. ஆகவே அதனுள் தசைக்கட்டி வளர்ந்தாலும், தெளிந்த நீர் நிறைந்த நீர்க்கட்டி பருத்தாலும், நசுங்குவது தண்டுவடமே. கால்கள் மரத்து, விறைத்து, இறுதியில் அசைவற்றுப் போகும்.

1884-ஆம் ஆண்டு, கேப்டன் பட்டம் பெற்றிருந்த ஓர் ஆங்கிலேயருக்கு இடது தோள்பட்டையின் கீழ் வலி தோன்றியது. நரம்புவலி என்றனர் மருத்துவர்கள். ஓய்வும் பயணமும் பலன் தரவில்லை. 1887-இல் அவருடைய இரு கால்களும் செயலிழந்தன. அப்போது அவருக்கு வயது 42.

இலண்டன் நரம்பியல் அறிஞர் வில்லியம் கவர்ஸ் அவரைச் சோதித்தார். உடலில் உணர்வு அற்றுப்போன எல்லையைக் கொண்டே, தண்டுவடம் எந்த உயரத்தில் நசுங்குகிறது என்று கணித்தார். ஊடுகதிர்ப் படம் அன்று இல்லை. ராண்ட்கென் அதனைக் கண்டறிந்தது 1895-இல்தான். தண்டுவட உறைக்குள் வளர்ந்த கட்டியை அதுவரை எவரும் வெற்றியுடன் அகற்றியதாகவும் பதிவில்லை.

1887 ஜூன் 9 அன்று, குயின் சதுக்கத்திலிருந்த தேசிய மருத்துவமனையில், 30 வயது விக்டர் ஹார்ஸ்லி கத்தியை எடுத்தார். எலும்பை அகற்றி உறையைத் திறந்தபோது அங்கே கட்டி இல்லை. இன்னும் மேலே தேடினார், அங்கும் காணவில்லை. அத்துடன் தைத்து முடித்திருந்தால் எவரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். அவர் மேலும் ஓர் எலும்பை அகற்றினார். அங்கே, தண்டுவடத்தின் இடப்புறத்தை அழுத்தியவாறு, நீலம் பாய்ந்த கட்டி இருந்தது. கணிப்பு பிழையன்று, அடுத்தடுத்த நரம்புகள் ஒன்றன் பகுதியில் மற்றொன்று பரவி நிற்பதால், நோயின் இடம் உணர்வு எல்லை காட்டுவதைவிட மேலே இருப்பது உண்டு. ஓராண்டுக்குள் அம்மனிதர் கைத்தடியின்றி நடந்தார்; தம் பணிக்குத் திரும்பினார்.

அது நார்த்திசுக் கட்டி. எனினும் நீர்க்கட்டிகளுக்கும் வழி திறந்தது அதுவே. 1903-இல் பிலடெல்பியாவைச் சேர்ந்த ஸ்பில்லர், மஸ்ஸர், மார்ட்டின் ஆகியோர், உறைக்குள் இருந்த நீர்க்கட்டிக்கு அறுவை செய்து நோயாளி நலம்பெற்றதை வெளியிட்டனர். 1920-களின் தொடக்கத்தில் பிரான்சின் சிக்கார், ஃபாரெஸ்டியர் இருவரும் அயோடின் கலந்த எண்ணெயைச் செலுத்தி, அடைப்பு உள்ள இடத்தைப் படத்தில் காட்டினர். 1980-களில் பரவிய காந்த அதிர்வுப் படம் நீர்க்கட்டியையே கண்முன் நிறுத்தியது. இன்று நுண்ணோக்கியின் துணையுடன் கட்டியின் சுவரை அகற்றுகிறார்கள். தண்டுவடத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தால், சுவரில் வழி திறந்து நீர் வடியச் செய்கிறார்கள்.

ஆயினும் நெடுநாள் நசுங்கிய தண்டுவடம் முழுமையாக மீளாமல் போகக்கூடும் என்பது இன்றும் உண்மை. அக்கேப்டன் இழந்த மூன்று ஆண்டுகளைக் கருவி எதுவும் திருப்பித் தந்திருக்காது. நம் வீட்டில் ஒருவர் முதுகு வலியுடன் கால் மரக்கிறது, நடை தடுமாறுகிறது என்று சொல்லும்போது, அதை முதுமை என்றோ சோம்பல் என்றோ ஒதுக்கிவிடாமல் செவிகொடுப்போம். கவர்ஸும் முதலில் செய்தது அதுவே.